நெஞ்சு படபடத்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. டாக்டரைக் கேட்காமல், தானாக நிறுத்தவே கூடாது.

இதை எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள். அப்படியும் ஜனங்கள் நிறுத்துகிறார்கள். நீண்ட நாள் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களில், பணக்கார நாடுகளில்கூட, சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் எழுதியது. அங்கேயே அந்தக் கதி!

ஏன் நிறுத்துகிறார்கள்? சிலர் காசு இல்லாமல் நிறுத்துகிறார்கள். சிலர் மறந்து விடுகிறார்கள். இருதய மாத்திரையில் இன்னொரு காரணம் உண்டு. அது பயம். அந்தப் பயத்தைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவது இல்லை.

தாராபுரம் பக்கத்தில் ஒரு தோட்டம் என்று வைத்துக் கொள்வோம். அங்கே ஒரு பெரியவர். வயது 60. ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ரத்தக் குழாயை விரிக்க ஒன்று. இருதயத் துடிப்பை அடக்க ஒன்று. நான்கு நாள் ஆகிறது. ராத்திரி கட்டிலில் இடது பக்கம் திரும்பிப் படுக்கிறார். "டக், டக்" என்று நெஞ்சு அடிப்பது காதிலேயே கேட்கிறது. நடுவில் ஒரு அடி தப்புகிறது. எழுந்து உட்காருகிறார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"நெஞ்சு படபடன்னு அடிக்குது புள்ளே. அந்தப் புது மாத்திரை சேரலையோ என்னமோ."

"அப்ப ஒரு நாளைக்குப் போடாம இருந்து பாருங்க."

கெட்ட எண்ணத்தில் சொன்னது அல்ல. அன்பினால் சொன்னது. ஆனால் இந்த ஒரு சொல்லில்தான் ஆபத்து நுழைகிறது.

துடிப்பு தப்புகிறதா?

இருதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை துடிப்பது இயல்பு. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு. இந்த ஒரு லட்சமும் கடிகாரம்போல ஒரே சீராக விழும் என்று நினைப்பது தவறு. அவ்வப்போது ஒரு துடிப்பு முந்திக் கொண்டு வந்து விடும். அது சின்னத் துடிப்பு. உடம்புக்குத் தெரியாது. அதன் பிறகு சிறிது இடைவெளி விழும். அந்த நேரத்தில் இருதயத்தில் ரத்தம் கூடுதலாகச் சேரும். ஆகவே அடுத்த துடிப்பு பலமாக அடிக்கும்.

"நின்று விட்டது" என்று மனிதனுக்குத் தோன்றுவது அந்த இடைவெளி. "நெஞ்சில் குத்து விழுந்தது" என்று தோன்றுவது அந்தப் பலமான அடி. இருதயம் நிற்கவில்லை. ஒரு அடியை முன்னதாக வைத்தது, அவ்வளவுதான்.

நாள் முழுவதும் இருதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி ஒன்று உண்டு. அமெரிக்கரான நார்மன் ஹோல்டர் அதைக் கண்டுபிடித்தார். 1940-களில் அவர் செய்த முதல் கருவியின் எடை சுமார் 38 கிலோ! முதுகில் மூட்டை போலக் கட்டிக் கொண்டு நடக்க வேண்டும். இன்றைக்கு அது சட்டைப் பையில் அடங்கி விடுகிறது. அந்தக் கருவியை நோய் இல்லாதவர்களுக்கும் மாட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டாவது முந்திய துடிப்பு இருந்தது. அவர்களில் பலருக்கு அது தெரியவே இல்லை.

தெரிந்தவனுக்குத்தான் தூக்கம் போகிறது.

முந்திய துடிப்பை அடக்கியே ஆக வேண்டுமா?

"அந்தத் தப்பு அடியை நிறுத்த ஒரு மாத்திரை கொடுங்கள்" என்று டாக்டரிடம் மன்றாடுகிறவர்கள் உண்டு. "வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால், அக்கறை இல்லாதவர் என்று வேறு டாக்டரைத் தேடிப் போகிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள், அவர்களில் முந்திய துடிப்பு அதிகம் உள்ளவர்கள். அவர்களுக்கு அந்தத் துடிப்பை அடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். துடிப்பு அடங்கியது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் கணக்குப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்கள், வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். 1989-ல் இது வெளியாயிற்று. அந்த மருந்துகளை அவர்களுக்குக் கொடுப்பதை உடனே நிறுத்தினார்கள்.

துடிப்பு அடங்குவது வேறு. உயிர் நிலைப்பது வேறு. "இதற்கு மருந்து வேண்டாம்" என்று ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்னால், அதுவும் வைத்தியம்தான்.

புது மாத்திரை என்ன செய்கிறது?

புது மாத்திரையினால் படபடப்பு வருமா? வரலாம். மறைக்க வேண்டியது இல்லை.

அம்லோடிபின் என்ற மாத்திரை ரத்தக் குழாய்களை விரிக்கிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கியதைப் பார்த்து, உடம்பு சிலருக்குத் துடிப்பைக் கொஞ்சம் கூட்டும். கால் வீங்கலாம், முகம் சூடாகலாம். சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரைகளில் சில, உடம்பில் உள்ள பொட்டாசியம் என்ற உப்பைக் குறைக்கும். அது குறைந்தால் துடிப்பு தாறுமாறாகும். ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கும் மருந்து, தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப் போவது, சளிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் இவையும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். இருதய மாத்திரைமேல் பழி விழும்!

மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்றவை துடிப்பைக் குறைக்கிறவை. துடிப்பு மெதுவாகும்போது ஒவ்வொரு அடியும் பலமாகத் தோன்றும். முதல் சில நாள் உடம்பு சோர்வாகவும் இருக்கும்.

இதனால்தான் டாக்டர்கள் குறைந்த அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டுகிறார்கள். இந்த முறை இன்று நேற்று வந்தது அல்ல. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற டாக்டர் 1775-ல் ஒரு நாட்டு மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஒரு கிழவி பல மூலிகைகளைச் சேர்த்து நீர்க்கோவைக்குக் கொடுத்து வந்த மருந்து. அதில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் என்ற செடி என்று அவர் கண்டுபிடித்தார். ஆனால் எவ்வளவு கொடுப்பது? குறைந்தால் பலன் இல்லை. கூடினால் வாந்தி, பார்வை மஞ்சளாகத் தெரிதல், நாடி தளர்ந்து மரணம். நோயாளி நோயாளியாக எழுதி வைத்து, 10 வருஷம் கழித்து 1785-ல் புத்தகம் போட்டார். அந்தச் செடியின் வழி வந்த டிகாக்சின் மாத்திரை இன்றும் கொடுக்கப்படுகிறது. இன்றும் அதே எச்சரிக்கைதான். அளவைத் தானாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

கவலை மாடு

மருந்தினால் வரும் படபடப்பு ஒரு பங்கு என்றால், பயத்தினால் வருவது பல பங்கு.

பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. அது இருதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது. அடிப்பதைக் கண்டு மனிதன் இன்னும் பயப்படுகிறான். இன்னும் சுரக்கிறது. இன்னும் அடிக்கிறது. மோட்டார் வருமுன் கொங்கு நாட்டுக் கிணறுகளில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்தார்கள். அதற்குப் பெயரே "கவலை"! மாடு முன்னால் போகும், பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும். மனக் கவலைக்கும் அதே நடைதான். ஒரு வித்தியாசம். கிணற்றுக் கவலையில் தண்ணீராவது வந்தது.

இந்தப் பயம் கோழைகளுக்கு மட்டும் வருவது அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களுக்கே வந்தது. நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி என்று அவர்கள் ஆஸ்பத்திரியில் குவிந்தார்கள். ஜேக்கப் மென்டிஸ் டா கோஸ்டா என்ற டாக்டர் சோதித்துப் பார்த்தார். பலருக்கு இருதயத்தில் நோயின் அடையாளமே இல்லை. ஆனாலும் அவர்கள் பட்ட அவஸ்தை உண்மை. 1871-ல் அவர் அதைக் கட்டுரையாக எழுதினார். நடிப்பு என்று சொல்லி அவர் யாரையும் விரட்டவில்லை.

மாத்திரையைப் பற்றிய பயமே தொல்லையை உண்டாக்கும் என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. லண்டனில் ஒரு சோதனை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சேரவில்லை என்று நிறுத்தி விட்ட 60 பேரைக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு, மாதம் ஒரு புட்டி. 4 புட்டியில் அசல் மாத்திரை. 4 புட்டியில் மருந்தே இல்லாத போலி மாத்திரை. 4 புட்டி காலி. எது அசல், எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று குறித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. அசல் மாத்திரை தந்த தொல்லையில் 90 சதவிகிதத்தைப் போலி மாத்திரையும் தந்திருந்தது! வலி பொய் அல்ல. வலி வந்தது. ஆனால் மருந்திலிருந்து வரவில்லை. "மாத்திரை விழுங்குகிறோம்" என்ற எண்ணத்திலிருந்து வந்தது. இதை விளக்கிச் சொன்ன பிறகு, பாதிப் பேர் பழைய மாத்திரையை மறுபடி சாப்பிடத் தொடங்கினார்கள்.

அது கொழுப்பு மாத்திரை, இது இருதயத் துடிப்பு மாத்திரை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் விழுங்கும் மனசு ஒன்றுதான். விளக்கிச் சொல்லும் ஐந்து நிமிடத்துக்கு எவ்வளவு பலம் என்பதைப் பார்க்க வேண்டும்.

திடீரென்று நிறுத்தினால்

துடிப்பை அடக்கும் மாத்திரைகளை உலகத்துக்குக் கொடுத்தவர் ஜேம்ஸ் பிளாக். ஸ்காட்லாந்துக்காரர். 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரியில் பாடம் சொன்னவர். அவருடைய தகப்பனார் ஒரு கார் விபத்தில் சிக்கினார். அதை ஒட்டி மாரடைப்பு வந்து இறந்தார். அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலின் இருதயத்தை விரட்டாமல் தடுக்க முடியுமா என்று பிளாக் ஆராய்ந்தார். 1960-களில் பிராப்ரனலால் வந்தது. 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வகை மாத்திரை இருதயத்தின் வாசலில் நின்று அட்ரினலினை உள்ளே விடாமல் தடுக்கிறது. நாளாக நாளாக, வாசல் அடைபட்டிருப்பதால் இருதயம் புதிய வாசல்களைத் திறந்து வைக்கிறது. மாத்திரை இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. திடீரென்று நிறுத்தினால், எல்லா வாசல் வழியாகவும் அட்ரினலின் ஒரே நேரத்தில் பாயும். துடிப்பு எகிறும். நெஞ்சு வலி வரும். ஏற்கெனவே ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். 1975-லேயே மருத்துவ ஏடுகள் இதை எழுதி விட்டன.

தோட்டத்துப் பெரியவர் மாத்திரையை நிறுத்தினால், நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும். அவரோ, "பார்த்தாயா, அந்த மாத்திரை நெஞ்சைக் கெடுத்து விட்டது" என்பார்! குற்றவாளி மாத்திரை இல்லை. நிறுத்தியதுதான்.

மாற்ற வேண்டும் என்றால் டாக்டர் மாற்றுவார். படிப்படியாகக் குறைப்பார். அம்லோடிபின் சேரவில்லை என்றால் வேறு மாத்திரைக்கா பஞ்சம்?

"எல்லாம் பயம்தான்" என்று தள்ளலாமா?

அதுவும் கூடாது. இது மற்றொரு தவறு. வீடுகளில் பெண்களுக்குத்தான் இந்த அநியாயம் அதிகம் நடக்கிறது. "அவளுக்கு எப்பவும் படபடப்புத்தான்" என்று சொல்லிச் சொல்லியே வருஷம் ஓடி விடுகிறது. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்த சோகை என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டியது. ரத்தம் குறைந்தால் நெஞ்சு படபடக்கும். தைராய்டு கூடினாலும் படபடக்கும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்து போகும் விஷயம். அதற்குப் போய் "நரம்புத் தளர்ச்சி" என்று பெயர் வைத்து உட்கார வைப்பது எந்த நியாயம்?

சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், கை நடுங்கும். உடனே சர்க்கரை கரைத்துக் குடிக்க வேண்டும். துடிப்பை அடக்கும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு அந்தப் படபடப்புத் தெரியாமலே போகலாம். வேர்வைதான் தெரியும். வீட்டார் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நாடி தாறுமாறாக, ஒழுங்கே இல்லாமல், தொடர்ந்து அடித்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால், இருதயத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும். இ.சி.ஜி. எடுத்தால் தெரியும்.

படபடப்போடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வேர்வை, தலை சுற்றி மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தால் யோசிக்க நேரம் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல் போய் இறங்காமல் நின்றாலும், 50-க்குக் கீழே இறங்கி மயக்கம் வந்தாலும் அப்படித்தான். 108-ஐக் கூப்பிட வேண்டும். தாராபுரத்திலிருந்து திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர், கோயமுத்தூர் சுமார் 80 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்று வாடகைக் கார் தேடி அலைவதைவிட, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு முதலில் போவது மேல். 2023-ல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு உண்டு.

இளநீர் நல்லதுதானே?

கொங்குச் சீமையில் தென்னைக்குக் குறைவில்லை. நெஞ்சு படபடக்கிறது என்றால் உடனே இரண்டு இளநீர் வெட்டுவார்கள். பலருக்கு அது நல்லது. ஆனால் இளநீரில் பொட்டாசியம் ஏராளம். எனலாபிரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கிறவை. சிறுநீரகம் பழுதானவருக்கும் அது தேங்கும். அவர்கள் தினமும் இளநீராகக் குடித்தால் பொட்டாசியம் கூடி, துடிப்பே நின்று போகும் ஆபத்து உண்டு. குடிக்கலாமா என்று டாக்டரை ஒரு வார்த்தை கேட்டு விட வேண்டும். காப்பி, டீயை ராத்திரி நேரத்தில் குறைப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். புகையிலையை விடுவதற்கும் வேண்டாம்.

படபடப்பு வந்தால் முதலில் உட்கார வேண்டும். மணிக்கட்டில் கட்டை விரலுக்குக் கீழே, மற்ற இரண்டு விரலை வைத்து நாடி பார்க்க வேண்டும். முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எத்தனை என்றும், சீராக இருந்ததா என்றும், மணி என்ன என்றும், எந்த மாத்திரை எப்போது போட்டது என்றும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் பேரனோ பேத்தியோ எழுதட்டும். பிறகு மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். பத்து தடவை. பயத்தினால் வந்த படபடப்பு என்றால் பெரும்பாலும் இறங்கத் தொடங்கும்.

அதற்காக மணிக்கு ஒரு தரம் நாடி பிடிக்கக் கூடாது. கொதிப்புப் பார்க்கும் கருவியை வாங்கி வைத்து, நாளைக்கு இருபது தடவை கையில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எண் ஏறத்தான் செய்யும்! காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் போதும். கைப்பேசியில் வரும் "இந்த மாத்திரை சாப்பிட்டால் மரணம்" என்ற படங்களைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு வைத்தியம்.

அந்த நோட்டை எடுத்துக் கொண்டு மாத்திரை கொடுத்த டாக்டரிடம் போக வேண்டும். "நெஞ்சு எப்படியோ இருக்குதுங்க" என்று சொன்னால் டாக்டருக்கு என்ன தெரியும்? "செவ்வாய்க்கிழமை ராத்திரி 11 மணிக்கு 96, நடுவில் மூன்று தடவை தப்பியது, கால் மணியில் இறங்கியது" என்றால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

நோயாளியை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் காலையில் நிற்கும் வரிசை எவ்வளவு நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்கு நேரம் இல்லை. அது உண்மை. ஆனால் புது இருதய மாத்திரை எழுதும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாவிட்டால், அந்த மனிதர் நான்காம் நாள் நிறுத்தி விட்டு, நாற்பதாம் நாள் ஆம்புலன்சில் வருவார். அப்போது எவ்வளவு நேரம் ஆகும்?

2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம். கொண்டு வருகிற பெண்கள் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களிடம் பேசக் கூச்சம் இல்லை. மாத்திரையோடு இந்த விளக்கத்தையும் அவர்கள் கையில் கொடுத்தனுப்பலாம். பெரிய செலவு இல்லை. மாத்திரை போடும் காகிதக் கவரின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அதில் பெரிய எழுத்தில் மூன்று வரி அச்சிட்டால் போதும்:

முதல் இரண்டு வாரம் படபடப்போ சோர்வோ வரலாம்.

தானாக நிறுத்த வேண்டாம், வந்து சொல்லுங்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் உடனே 108.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் படிக்கும்படி இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, கவரைக் கொடுக்கிற அம்மாள் வாய்விட்டுப் படித்துக் காட்டி விட்டுப் போகட்டும்.